மடியில் அறுபது புடவை

மகளை மடியில் உட்காரவைத்துக்கொள்ள முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார் டாக்டர். அறை வாடகை அதிலேயே அடக்கம். மயக்கமருந்துக்காரருக்கு மட்டும் தனி.

சீனிவாசராகவன் பெங்களூர் சிக்பேட்டையில் மொத்த வியாபாரப் புடவைக்கடை வைத்திருப்பவர். சொன்ன விலைக்கு வெண்டைக்காய்கூட வாங்கியதில்லை. இருபத்தெட்டு என்று கேட்டுப் பார்த்தார். நல்லபடியாக முடிந்தால் இன்னும் நாலு முதுகுகளை அனுப்பிவைப்பதாகவும் ஆசை காட்டினார். டாக்டர் அவருடைய முதுகெலும்புப் படத்தை வெளிச்சப் பலகையிலிருந்து உருவி, உறைக்குள் போட்டு, அடுத்தவரைக் கூப்பிட மணியடித்தார். விலை படியாமல் இறங்கிப் போகிறவரைப் பின்னாலேயே ஆள் அனுப்பிக் கூப்பிடுவது சிக்பேட்டை மரியாதை. அதனால் வாசல்வரை மெதுவாகவே நடந்து பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. மெதுவாக நடப்பதற்கு அவர் நடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

வலி பத்து வருஷத்துப் பழக்கம். என்றோ ஒரு சுங்கடிப் புடவைக் கட்டைத் தூக்கும்போது வலது இடுப்பில் பிடித்தது. அது போகிற மாதிரி போய், கூட்டாளியோடு திரும்பி வந்தது. இப்போது நடு முதுகில் ஆரம்பித்து, இடுப்பு மூட்டில் இறங்கி, தொடையின் பக்கவாட்டில் முடிகிறது. தைலம் தேய்த்தார், பட்டை கட்டினார், யாரோ சொன்னார்கள் என்று பலகையில் படுத்தார். இவற்றைவிட அதிகமாகச் செய்தது, விட்டுக்கொடுத்தது. குனிவதை விட்டார், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டார், மாலை நடையை விட்டார். கடையில் வெள்ளை மெத்தைமேல், வலது பக்கத் திண்டில் சாய்ந்தபடி, காலையிலிருந்து ராத்திரிவரை அசையாமல் உட்கார்ந்திருப்பதை மட்டும் விடவில்லை. அது ஓய்வு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் பொறுத்தவர் 1998 தை மாதத்தில் டாக்டர் வாசலுக்கு ஓடியதற்குக் காரணம், ஒரே மகள் சௌம்யாவுக்கு வைகாசியில் கல்யாணம். அவர்கள் வீட்டு வழக்கப்படி மாங்கல்யதாரணத்தின்போது பெண்ணின் தகப்பனார் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து, மகளைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மடியில் இருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். மடிகிற இடுப்பே சதி செய்தால்?

அதற்கு ஒரு வழி தயாராகவே இருந்தது. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. தம்பி வரதன், எல்.ஐ.சி.யில் ரிடையர் ஆகி தினமும் சாங்கி ஏரியைச் சுற்றி நடக்கிறவன், தகவல் தெரிந்தவுடனே அண்ணாவின் மல்லேஸ்வரத்து வீட்டுக்கு வந்துவிட்டான். "நான் உட்கார்ந்துக்கறேன் அண்ணா. சித்தப்பா மடின்னா என்ன, தகப்பன் மடின்னா என்ன" என்றான். ஒரு துளி கள்ளம் இல்லாமல் சொன்னான். கள்ளம் இருந்திருந்தால் அண்ணாவுக்குச் சமாளிக்க எளிதாக இருந்திருக்கும்.

கடைசியில் வசந்தநகரில் ஒரு வயதான எலும்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டரின் மனைவி இவர் கடையின் பழைய வாடிக்கை. டாக்டர் படத்தைப் பார்த்ததைவிட மனிதரை அதிக நேரம் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், ஊசிமுனை உறைக்கிறதா என்று கேட்டார். பிறகு, இந்த வயசில் யாரைப் படம் எடுத்தாலும் முதுகெலும்புகளுக்கு நடுவிலிருக்கிற தட்டு கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும், தலை நரைக்கிற மாதிரிதான் அது, நரைக்கு யாராவது ஆபரேஷன் செய்வார்களா என்றார். கால் பலமாக இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, கத்தி வேண்டாம், உடற்பயிற்சி போதும் என்று சொல்லி, லிங்கராஜபுரத்தில் ஜெசிந்தா என்ற பிஸியோதெரபிஸ்ட்டின் விலாசத்தைக் கொடுத்தார்.

மல்லேஸ்வரத்திலேயே நாலு பேர் இருக்கிறார்களே என்று மனைவி ராஜலக்ஷ்மி கேட்டாள். லிங்கராஜபுரத்தில் கட்டணம் பாதி என்று அவர் விளக்கினார். போகவர ஆட்டோவுக்கு எவ்வளவு என்று ராஜலக்ஷ்மி அடுத்துக் கேட்டாள். அதற்குள் அவர் ஆட்டோவைக் கூப்பிடத் தெருவுக்கு இறங்கிவிட்டார்.

ஜெசிந்தாவின் கிளினிக் அவள் அப்பாவின் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. அவளுக்கு முப்பது வயசு இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, காலில் கேன்வாஸ் ஷூ. கீழே ரப்பர் வாசனைக்கு நடுவே யாரோ கிளட்ச் வயருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது மேலே தெளிவாகக் கேட்டது. அவருக்கு உடனே இடம் பிடித்துப்போயிற்று.

"பத்துக்கு எவ்வளவு வலி சார்? ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

"பதினொண்ணு" என்றார். கேட்கிறவள் எப்படியும் குறைப்பாள். இறங்கி வர இடம் வேண்டாமா?

"பதினொண்ணுன்னா ஸ்ட்ரெச்சர்ல வந்திருப்பீங்க. நீங்க மாடி ஏறி வந்து, குனிஞ்சு, செருப்ப ஓரமா ஜோடி சேத்து வெச்சீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சரியான வெலை சொல்லுங்க."

ஏழில் படிந்தது.

அடுத்தது பயிற்சிகள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தெருவில் நடப்பது. முதல் இரண்டும் காலையும் மாலையும் பன்னிரண்டு முறை என்றாள். அவர் நாலு என்றார். ஆறில் முடித்துக்கொண்டார்கள். இறங்கும்போது அவர் முகத்தில், நல்ல சரக்கை மலிவாக மடக்கிவிட்ட களை இருந்தது.

வாரநாட்களில் கடையைத் திறக்கவும் மூடவுமே நேரம் சரியாக இருந்தது. சனிக்கிழமை ராத்திரி அவர் ஒரு மனக்கணக்குப் போட்டார். ஒரு வேளைக்கு ஆறு, நாளைக்கு இரண்டு வேளை, வாரத்துக்கு எண்பத்துநாலு. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சில்லறையாக வாங்கி அல்லாடுவானேன், மொத்தமாக எடுத்துவிட்டால் ஆயிற்று. முப்பது வருஷம் மொத்த வியாபாரம் செய்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு ஜமக்காளத்தை விரித்தார். எண்பத்துநாலையும் செய்தார். பழக்கதோஷத்தில் கொசுறாக நாலு.

திங்கட்கிழமை அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. வலி எட்டு, ஒன்பது; இந்த முறை பேரத்துக்குச் சொல்லவில்லை. ஏமாந்துவிட்டோம் என்ற கோபத்தைவிட, உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்ற பயம் பெரிதாக இருந்தது. மத்தியானம் வரதனுக்குப் போன் செய்யச் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் ராஜலக்ஷ்மி யாரிடமும் கேட்காமல் லிங்கராஜபுரத்துக்குப் போன் செய்திருந்தாள்.

ஜெசிந்தா கைனெடிக் ஹோண்டாவில் வந்து இறங்கினாள். ராஜலக்ஷ்மி நடந்ததைச் சொன்னாள்.

"ஏழு நாள் சாப்பாட்ட ஒரே வேளையில சாப்ட்டிருக்கீங்களா சார்?"

"கல்யாண ஆத்துல முயற்சி பண்ணியிருக்கார்" என்றாள் ராஜலக்ஷ்மி.

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னாள், தன் கையை எதிர்த்து மிதிக்கச் சொன்னாள், அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். எதுவும் கிழியவில்லை என்றாள். பின்னே ஏன் இந்த வலி, நான் என்ன பொய்யா சொல்கிறேன் என்று அவர் பலகையிலிருந்தபடியே சண்டைக்கு வந்தார்.

"வலி நெசம் சார். பொய்னு யார் சொன்னா? உங்க கடைத் தெருவுல கூர்க்கா இருக்காருல்ல? ஒரு தடவ திருடு போச்சுன்னு வெச்சுக்குங்க. அதுக்கப்புறம் அவருக்குப் பூனை போனாலும் திருடன், காகிதம் பறந்தாலும் திருடன். ஊதிக்கிட்டே இருப்பாரு. விசில் சத்தம் நெசம். திருடன்தான் இல்ல. பத்து வருஷம் முன்னாடி உங்க இடுப்புல ஒரு திருட்டு நடந்துச்சு. அது ஆறியாச்சு. ஊதுறவர்தான் இன்னும் நிறுத்தல."

"அப்போ கூர்க்காவை மாத்திடலாமே."

"மாத்த முடியாது, பழக்கணும். தெனம் ஒண்ணு ரெண்டு பூனைய விட்டு, பாரு, ஒண்ணும் ஆகலேன்னு பழக்கணும். நீங்க என்னடான்னா எண்பத்துநாலு பூனைய ஒரே நாள்ல அவுத்து விட்டிருக்கீங்க."

"எண்பத்தெட்டு" என்றார் சீனிவாசராகவன். கணக்கு கணக்குத்தானே.

இன்றைக்கு மாதிரி மோசமான ஒரு நாளில்கூட எத்தனை முடியும் என்று அவள் கேட்டாள். இரண்டு என்றார். சரி, இரண்டு என்றாள். எதிர்ப்பேச்சு இல்லாமல் ஒத்துக்கொள்கிற ஆளிடம் சூது இருக்கும் என்பது அவர் தொழில் பாடம். இருக்கவும் இருந்தது. நன்றாக இருக்கிற நாளிலும் இரண்டுக்கு மேல் கூடாது, முடியாத நாளிலும் இரண்டுக்குக் கீழே கூடாது, வாரம் முடிந்தபின் ஒன்று கூட்டலாம் என்றாள். அதோடு கடையில் அரை மணிக்கு ஒரு தரம் மெத்தையை விட்டு எழுந்து தெருக்கோடிவரை போய்வர வேண்டும். எதிர்வரிசையில் 'ஒரே விலை' என்று பலகை மாட்டியிருந்த கடைக்காரரை இருபது வருஷமாகக் கேலி செய்துவந்தவர், தன் இடுப்பில் அதே பலகையை மாட்டிக்கொண்டார்.

மடி விஷயத்தை அன்றுதான் அவளிடம் சொன்னார். முடியும் என்றோ முடியாது என்றோ அவள் வாக்குக் கொடுக்கவில்லை. பெண் என்ன எடை என்று மட்டும் கேட்டாள். பாங்கிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற சௌம்யா, நாற்பத்தெட்டு கிலோ என்றாள். கடையில் ஒரு பருத்திப் புடவை என்ன எடை என்று ஜெசிந்தா அடுத்துக் கேட்டாள். அரை கிலோ. அப்படியானால் பத்துப் புடவையில் ஆரம்பியுங்கள் என்றாள்.

அதன்பின் நாலு மாதம் சிக்பேட்டையில் ஒரு காட்சி நடந்தது. முதலாளி மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலைப் போட்டு, மடியில் பத்துப் புடவையை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் பதினான்கு. அதற்கடுத்த வாரம் பதினெட்டு. வாடிக்கையாளர்கள் உஷாரானார்கள். தாவணகெரேயிலிருந்து வந்த ஒரு வியாபாரி கடையிலிருந்த சரக்கு எதையும் பார்க்க மாட்டேன் என்றார்; மடியில் ஒளித்து வைத்திருப்பதைக் காட்டச் சொன்னார். இது வைத்தியத்துக்கு என்று இவர் எவ்வளவு சொல்லியும், எத்தனையோ வைத்தியம் பார்த்தவர் அவர், நம்பவில்லை. கடைசியில் அந்த அடுக்கை அப்படியே கூடுதல் விலை கொடுத்து எடுத்துப் போனார். வைத்தியம் முதல்முறையாக லாபம் காட்டியது.

இடையில் மோசமான நாட்களும் வந்தன. பங்குனியில் ஒரு வாரம் வலி திரும்ப ஏழுக்கு ஏறியது. பழைய சீனிவாசராகவனாக இருந்தால் பலகைக்குப் போயிருப்பார். இவர் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையை முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தார், நடந்தார். அது தானாகவே இறங்கியது. அப்படி இறங்கும் என்று பார்த்ததுதான் அவருக்குப் பெரிய வரவு. சித்திரை கடைசியில் மடியில் அறுபது புடவை, வலி நாலு. அதற்குமேல் அடுக்கினால் முகம் மறைகிறது, பணம் வாங்க முடியவில்லை.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. மடி சில நிமிஷம். அதற்கு முன்னால் ஹோமத்தின் எதிரே தரையில் மணிக்கணக்காக உட்கார வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க அனுமதி கேட்டு வாத்தியாரிடம் போனார்கள். சம்பத் வாத்தியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பெண்ணின் தகப்பன் பாதி மந்திரத்தில் வாக்கிங் போனால் பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார்.

ராஜலக்ஷ்மி அதுவரை வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். "நடக்க வேண்டாம். பெரியவாளைச் சேவிக்கறதுக்கு எழுந்துண்டா எந்த சாஸ்திரம் தடுக்கும் ஸ்வாமி?" என்றாள்.

அவர்கள் வழக்கத்தில் ஒருவரைச் சேவிப்பது என்றால் ஒரு தரம் போதாது; நாலு தரம் விழுந்து எழ வேண்டும். கேட்டு வாங்கிச் சேவிக்கிற மனிதரை வாத்தியார் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. சந்தோஷமாகச் சம்மதித்தார். ஜெசிந்தாவிடம் சொன்னபோது, குனிந்து முழங்காலிட்டுப் படுத்து எழுவது நல்ல பயிற்சிதான், இப்போதே ஒன்றிரண்டாக ஆரம்பியுங்கள், மொத்தமாக வேண்டாம் என்றாள். கடைசி வார்த்தைகளை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

கல்யாணத்தன்று சீனிவாசராகவன் சேவித்த சேவிப்பு மல்லேஸ்வரத்தில் கொஞ்ச நாள் பேசப்பட்டது. யாருக்கும் தலை வணங்காத வியாபாரி, வாத்தியார் கண் காட்டும்போதெல்லாம் எழுந்து போய் யாராவது ஒரு பெரியவர் முன்னால் நாலு தரம் விழுந்தார். பிள்ளைக்குத் தகப்பனார் மெட்ராஸ்காரர்; தனக்கு மாடி அறை கொடுத்துவிட்டார்கள், தன் முழங்காலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்று முந்தின நாளிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்தவர். சம்பந்தி தன் காலில் விழுந்து எழுவதை ஒரு முறை பார்த்தார், மறுமுறை பார்த்தார். மூன்றாம் முறை எழுந்து நின்று, போதும், எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று இவரைக் கட்டிக்கொண்டார். மாடி அறை காற்றோட்டமாக இருப்பதாகவும் சொன்னார்.

வரதன் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரன் போல மேடை ஓரத்தில் நின்றான். முகூர்த்தம் நெருங்கியதும் அண்ணாவின் முகத்தைப் பார்த்தான். அண்ணா நெல் மூட்டைமேல் போய் உட்கார்ந்தார். தம்பி மூட்டை நகராதபடி பின்னால் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டான்.

சௌம்யா கூறைப்புடவையில் வந்து, திரும்பி, அவர் மடியில் அமர்ந்தாள்.

அவர் வலிக்குக் காத்திருந்தார். வரவில்லை. பாரமும் வரவில்லை. புடவை தொடையில் உரசுகிறது, அவ்வளவுதான். குனிந்து பார்த்தார். பட்டுக்கு அடியில் மகளின் பாதங்கள் தரையில் ஊன்றி, கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சௌமி, நீ உட்காரலை."

"உட்கார்ந்துண்டுதான் இருக்கேன்ப்பா."

"நாலு மாசமா மடியில எடை வெச்சிண்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? கால்ல நின்னுண்டிருக்கே."

"உனக்கு வலிக்கும்ப்பா."

"வலிக்கும். வலிச்சா ஒண்ணும் உடைஞ்சுடாது. நன்னா உட்காரு."

அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு முழுப் பாரமும் வந்து இறங்கியது. அறுபது புடவைக்கும் மிகவும் மேலே. நாற்பத்தெட்டு கிலோ என்றது பொய், ஐம்பத்தைந்துக்குக் குறையாது என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இடுப்பில் சுரீர் என்றது, தொடைக்கு இறங்கியது. அவர் பல்லைக் கடிக்கவில்லை, மூச்சை அடக்கவில்லை. இடது கையால் மகளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலியையும் பக்கத்தில் உட்கார இடம் விட்டார். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை முடிச்சுப் போடுவதில் காட்டிய சுறுசுறுப்புத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தடுமாறியிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் சிட்டி ஸ்டேஷனில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மெட்ராஸ் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வண்டி போனபிறகும் இருவரும் கிளம்பவில்லை. ராஜலக்ஷ்மி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் பிளாட்பாரத்தில் கோடிவரை நடந்து திரும்பி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ எவ்வளவு?" என்று கேட்டாள்.

கடை மூடும் நேரத்தில் யோசிப்பது போல யோசித்தார். "முந்தாநாள் நாலு. தாலி கட்டறச்சே ஏழு. இப்போ அஞ்சு."

"அப்போ ஒண்ணு நஷ்டம்."

"வலியில ஒண்ணு. ஆத்துல ஒண்ணு."

ராஜலக்ஷ்மி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். ஆக மொத்தம் இரண்டு, இரண்டுமே வரவேண்டிய பாக்கி. முதலாவது இரண்டு நாளில் தானாக நேராகிவிடும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். மற்றது ஆடிக்கு.